முகத்தை வெளுக்காதீர்கள், வெளிச்சம் கொடுங்கள்

(கிள்ளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த பெற்றோர் சந்திப்பில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டூடியோ தொழிலில் இருந்த படப்பிடிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



இங்கே பேச அழைத்தபோது நான் தயங்கினேன். இந்த மேடையில் வழக்கமாகப் பேசுகிறவர்கள் வழக்கறிஞர்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள், ஆசிரியர்கள். பிறப்புப் பத்திரம், குடியுரிமை, தமிழ்ப்பள்ளி, சம்பளப் பாக்கி என்று உங்களுக்கு உடனே உதவுகிற விஷயங்களைப் பேசுவார்கள். நான் படம் பிடிக்கிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் முகத்துக்கு எப்படி லைட் போடுவது, படத்தில் தோலை எப்படித் திருத்துவது என்பது மட்டும்தான். "அதையே பேசுங்கள், அதுவும் நம் பிரச்சினைதான்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன்.

2006ஆம் ஆண்டு. லாரி ஓட்டும் தம்பி ஒருவர் என் கடைக்கு வந்தார். அம்மா இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்தன்று மாலை போட்டு வைக்க ஒரு பெரிய படம் வேண்டும் என்றார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு படம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஆறேழு பேர் சேர்ந்து நிற்கும் படம். அதில் அந்த அம்மாவின் முகம் பத்துக் காசு அளவுதான் இருக்கும். மத்தியான வெயில். கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழி.

நான் அதை ஸ்கேன் செய்து, முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கினேன். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடையும். அதை மறைக்க மங்கலாக்கினேன். கன்னத்தை வழுவழுப்பாக்கினேன். நிறத்தை இரண்டு படி ஏற்றினேன். உதட்டில் கொஞ்சம் சிவப்பு. நெற்றியில் குறுக்காக ஒரு கறுத்த கோடு இருந்தது, அழுக்கு என்று நினைத்து அழித்தேன். நல்ல சட்டம் போட்டுக் கொடுத்தேன். எனக்கே திருப்தி.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே அந்தத் தம்பி வாசலில் நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அண்ணே, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்கம்மா இல்ல. என் மகன் இந்தப் பாட்டி யாருன்னு கேக்குறான்" என்றார். பிறகு நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "அம்மா முப்பது வருசம் பால் மரம் வெட்டுனாங்க. விடியறதுக்கு முன்னாடி நெத்தியில விளக்கு கட்டிக்கிட்டு போவாங்க. அந்தப் பட்டி போட்டுப் போட்டு விழுந்த கோடு அண்ணே அது."

அவர் என்னை வெளுக்கச் சொன்னாரா? இல்லை. நெற்றியைத் துடைக்கச் சொன்னாரா? இல்லை. யாரும் கேட்காமலேயே என் கை அதைச் செய்தது. இருபது வருடப் பழக்கம். அந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வேண்டும்.

நான் 1986இல், பதினாறு வயதில், ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதலாளி நல்ல மனிதர். அவர்தான் எனக்குத் தொழில் கொடுத்தார். அங்கே ஒரு மேசை இருக்கும். கண்ணாடி பதித்த சாய்வுப் பலகை, அடியில் விளக்கு. அதன்மேல் கறுப்பு வெள்ளை நெகட்டிவை வைத்து, ஊசி போல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட வேண்டும். நெகட்டிவில் பென்சில் படும் இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம், முகச் சுருக்கம், பரு எல்லாம் அப்படித்தான் போகும். சீன வாடிக்கையாளர் வந்தாலும், மலாய் வாடிக்கையாளர் வந்தாலும் இந்த வேலை உண்டு. ஆனால் நம்மவர் நெகட்டிவ் வந்தால் முதலாளி சொல்வார்: "இதுக்கு முகம் முழுக்கத் தொடு." ஏன் என்று நான் கேட்கவில்லை. நம்மவர்களும் கேட்கவில்லை. சந்தோஷமாக வாங்கிப் போனார்கள்.

கண்ணாடி முன்னால் சீப்பும் குட்டிகூரா பவுடர் டப்பாவும் இருக்கும். ஞாபகம் இருக்கிறதா? (சிரிப்பு) எல்லாரும் அள்ளிப் பூசிக்கொள்வோம். அது நேரில் பார்த்தால் சுமாராகத் தெரியும். ஃப்ளாஷ் அடித்ததும் பவுடர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். முகம் சாம்பல் பூசினது போல வரும். கழுத்து மட்டும் சொந்த நிறத்தில் இருக்கும்.

கலர் வந்த பிறகு நிலைமை மாறியதா? அங்கேதான் பெரிய கதை இருக்கிறது. எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

கலர் பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டை அனுப்பும். 1950களில் தொடங்கிய வழக்கம். அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருப்பார். முதலில் அதற்குப் படம் கொடுத்த பெண்ணின் பெயர் ஷெர்லி. அதனால் பிறகு யார் படம் வந்தாலும் அதற்கு "ஷெர்லி கார்டு" என்றே பெயர். இயந்திரத்தைச் சரி செய்கிறவர் அந்தப் பெண்ணின் தோல் நன்றாக வரும்வரை சாயத்தைக் கூட்டிக் குறைப்பார். அவர் தோல் சரியாக வந்துவிட்டால் இயந்திரம் சரி. சில அட்டைகளில் "நார்மல்" என்றே அச்சடித்திருக்கும். அதாவது அவர் நார்மல். அப்படியானால் நீங்களும் நானும்?

கனடாவைச் சேர்ந்த லோர்னா ரோத் என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்து 2009இல் எழுதினார். அவர் கண்டுபிடித்ததில் ஒன்றைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், பிறகு வயிறு எரியும். கறுத்த நிறங்களைச் சரியாகக் காட்டும்படி பிலிமைத் திருத்த வேண்டும் என்று கோடாக்கை முதலில் நெருக்கியவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி மேசை விற்பவர்களும். எங்கள் சாக்லேட்டுக்கும் எங்கள் மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று புகார் கொடுத்தார்களாம். மனிதர்களின் முகம் தெரியாததை விட, சாக்லேட் தெரியாதது பெரிய பிரச்சினையாக இருந்திருக்கிறது. ஷெர்லி கார்டில் ஒரு கறுப்பினப் பெண்ணும் ஓர் ஆசியப் பெண்ணும் வெள்ளைக்காரப் பெண்ணோடு சேர்ந்து உட்கார 1990களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, உங்கள் வீட்டில் இருக்கும் பழைய கல்யாண ஆல்பத்தில் அப்பாவின் முகம் கரிக்கட்டையாகத் தெரிந்தால், அது அப்பாவின் குறை அல்ல. அவரை மனத்தில் வைத்து யாரும் அந்தப் பிலிமைச் செய்யவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் போராட்டக்காரர்கள் என்பதால். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோது கறுப்பின மக்கள் எங்கே போனாலும் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும். அந்தப் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் போலராய்ட் கேமரா பயன்பட்டது. அதை 1970இல் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் அதே நிறுவனத்தில் வேலை செய்த இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள், கரோலைன் ஹண்டர், கென் வில்லியம்ஸ். அவர்கள் தங்கள் முதலாளியையே எதிர்த்து இயக்கம் தொடங்கினார்கள். 1977இல் போலராய்ட் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. நான் இதைப் படித்தபோது ஒன்று யோசித்தேன். பிடித்து உள்ளே போடுவதற்கு என்றால் கறுத்த முகம் தெளிவாகத் தெரிய வழி கண்டுபிடிக்கிறார்கள். கல்யாண ஆல்பத்துக்கு என்றால் "உங்கள் ஸ்கின் அப்படி, நாங்கள் என்ன செய்வது" என்கிறார்கள்.

சரி, தொழிலுக்கு வருவோம். அந்த டியூப் லைட்டை எல்லாம் கொஞ்சம் அணைக்கிறீர்களா, தம்பி? எல்லாவற்றையும். நன்றி. முன் வரிசையில் இருக்கும் தங்கச்சி, நீங்கள் வாங்க. எந்தப் படிவம்? ஐந்தா. வெட்கப்பட வேண்டாம். இந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். நேராக ஜன்னலைப் பார்க்க வேண்டாம். உடம்பைக் கொஞ்சம் திருப்பி, ஜன்னல் உங்கள் இடது கன்னத்துக்கு முன்னால் இருக்கிற மாதிரி. அவ்வளவுதான்.

எல்லாரும் இப்போது பாருங்கள். நெற்றியின் இந்தப் பக்கம், கன்ன எலும்பு, மூக்கின் நீளம், கீழ் உதடு, மோவாய். இந்த இடங்களில் ஒளி வழுக்கிக்கொண்டு போகிறது. முகத்தின் வடிவம் முழுவதும் தெரிகிறது. கண்ணைப் பாருங்கள், ஜன்னலே அதில் தெரிகிறது. சற்று முன்பு டியூப் லைட்டுக்குக் கீழே இதே முகம்தான் இருந்தது. பவுடர் போடவில்லை, ஒன்றும் போடவில்லை.

ஏன் இப்படி? கொஞ்சம் கவனியுங்கள், இதுதான் முக்கியம். எந்தத் தோலிலும் விழும் வெளிச்சம் இரண்டு வழியாகத் திரும்பி வரும். ஒன்று, தோலுக்குள்ளே போய், சிதறி வெளியே வருவது. இதுதான் தோலின் நிறமாக நமக்குத் தெரிகிறது. இன்னொன்று, உள்ளே போகாமல் மேலேயே பட்டுத் தெறிப்பது. அதுதான் மினுமினுப்பு. வெளுத்த தோலில் முதல் வகை நிறைய வரும். எங்கிருந்து லைட் போட்டாலும் முகம் சுமாராகத் தெரிந்துவிடும். நம் தோலில் முதல் வகை குறைவு, நிறமிகள் அந்த வெளிச்சத்தைக் குடித்துவிடும். ஆனால் மேலே பட்டுத் தெறிப்பது எல்லாத் தோலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆகவே நம் முகத்தின் வடிவத்தைக் காட்டுவதில் அந்த மினுமினுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பவுடர் போட்டு மூடினால் படம் செத்துவிடும்.

கோயிலில் பார்த்திருக்கிறீர்களே. கருங்கல் விக்கிரகம். எண்ணெய்க் காப்புச் செய்திருப்பார்கள். கருவறை இருட்டு. ஐயர் தீபத்தைப் பக்கத்தில் கொண்டு போய் மெதுவாகத் தூக்கும்போது கன்னம், மூக்கு, உதடு என்று ஒவ்வொன்றாகத் தெரியும். அந்தக் கறுப்பு முகத்தைப் பார்த்துத்தான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். யாராவது அதற்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கிறோமா? (சிரிப்பு) இப்போது சில கோயில்களில் கருவறைக்குள்ளேயே டியூப் லைட் மாட்டிவிட்டார்கள். அது வேறு வருத்தம், இன்றைக்கு வேண்டாம்.

ஒளி பெரிதாக இருக்க வேண்டும். சின்ன விளக்கு, அதாவது கேமராவின் ஃப்ளாஷ், கைத்தொலைபேசியின் ஃப்ளாஷ், நம் தோலில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் இரண்டு வெள்ளைப் பொட்டு வைக்கும். மற்றதெல்லாம் இருட்டு. அதைப் பார்த்து "எண்ணெய் வழியுது" என்று சொல்லித் துடைக்கிறோம். தவறு தோலில் இல்லை, விளக்கின் அளவில் இருக்கிறது. அதே வெளிச்சம் ஆள் உயர ஜன்னல் வழியாக வந்தால் அந்தப் பொட்டு பரந்து, மென்மையாகி, கன்னத்தின் வளைவோடு ஓடும். ஸ்டூடியோவில் விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணிப் பெட்டி மாட்டுவது இதற்காகத்தான். வீட்டில் ஜன்னலில் நேராக வெயில் அடித்தால் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். செலவு இல்லை.

இந்தப் பக்கம் கன்னம் கொஞ்சம் இருட்டாக இருக்கிறதா? தம்பி, அந்த வெள்ளைப் பலகையைப் பிடியுங்கள். குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் உள்ளே வருமே, அந்த வெள்ளை நுரைப் பலகைதான். முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. பார்த்தீர்களா, நிழல் போகவில்லை, ஆனால் நிழலுக்குள்ளே கன்னம் தெரிகிறது. நிழல் முழுக்கப் போய்விடக் கூடாது. நிழல் இல்லாத முகம் தட்டு மாதிரி இருக்கும்.

ஏன் டியூப் லைட்டை அணைக்கச் சொன்னேன்? பல டியூப் லைட் பச்சை கலந்த வெளிச்சம் தரும். நம் தோலின் அழகு அதில் இருக்கும் சிவப்பும் மஞ்சளும். பச்சை பட்டால் அது சாம்பலாகும். ஜன்னல் என்றால் ஜன்னல் மட்டும். விளக்கு என்றால் விளக்கு மட்டும். கலக்காதீர்கள்.

பின்னால் இருக்கும் சுவரும் முக்கியம். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு மனிதரைத் தெரியாது. பார்க்கும் எல்லாவற்றையும் சராசரியாக, 18 சதவீதச் சாம்பல் என்ற கணக்கில் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர், வெள்ளைப் பள்ளிச் சீருடை, நடுவில் ஒரு கறுத்த முகம் என்றால், "அப்பா, ரொம்ப வெளிச்சம்" என்று அது எல்லாவற்றையும் குறைக்கும். வெள்ளை சாம்பலாகும், பிள்ளையின் முகம் கரியாகும். பள்ளி வகுப்புப் படத்தில் நம் பிள்ளைகளுக்குப் பல்லும் கண்ணும் மட்டும் தெரிவது இதனால்தான். பழைய மினிலேப் இயந்திரமும் பிரிண்ட் போடும்போது இதே கணக்கைத்தான் போட்டது. உங்கள் கைத்தொலைபேசியில் திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். பெரும்பாலான தொலைபேசிகளில் பக்கத்தில் ஒரு சூரியப் படம் வரும். அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். முகத்துக்கு அளவு, சுவருக்கு இல்லை. வெள்ளைச் சுவரை விடக் காவி, கரும்பச்சை, அரக்கு நிறச் சுவரோ துணியோ நமக்கு நன்றாக இருக்கும். ஆனால் தலைமுடி பின்னணியோடு கலந்து போகாமல் இருக்கப் பின்னால் கொஞ்சம் வெளிச்சம் விழ வேண்டும்.

கிட்டப் போய் முகத்தில் மோதுகிற மாதிரி எடுக்காதீர்கள். மூக்கு பெரிதாகும், காது சின்னதாகும். நாலைந்து அடி தள்ளி நின்று, தொலைபேசியில் இரண்டு மடங்கு என்று இருக்குமே, அதில் எடுங்கள். அதற்கு முன் லென்ஸைச் சட்டையில் துடையுங்கள். பாதிப் பேர் படம் மங்கலாக இருப்பது விரல் எண்ணெயால். தங்கச்சி, நன்றி, போய் உட்காருங்கள். இந்தப் படத்தை உங்கள் அம்மாவுக்கு அனுப்பிவிடுகிறேன்.

இனி ரீடச். திருத்தவே கூடாது என்று சொல்கிறவன் நான் இல்லை. அப்படிச் சொன்னால் நான் பொய்யன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மூக்கில் பரு வந்தால் அதை எடுக்கத்தான் வேண்டும். என் கணக்கு இதுதான்: வந்து போகிறது எது, கூடவே இருக்கிறது எது? பரு, கொசுக்கடி, உதட்டு வெடிப்பு எல்லாம் வந்து போகிறவை, எடுக்கலாம். மச்சம், தழும்பு, அம்மைக் குழி, மூக்குத்தி ஓட்டை எல்லாம் அவரோடு இருப்பவை. அவர் வாயால் சொன்னால் தவிர தொடக் கூடாது. கருவளையத்தைப் பாதி குறைக்கலாம், முழுக்க அழித்தால் கண் பொம்மைக் கண்ணாகும். சுருக்கத்தை மென்மையாக்கலாம். ஆனால் தோலின் துவாரங்கள் தெரிய வேண்டும். கணினியில் படத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால் கன்னத்தில் தோல் தெரிய வேண்டும், மெழுகு தெரியக் கூடாது. போட்டோஷாப்பில் 2002இலேயே, பருவை மட்டும் எடுத்துச் சுற்றியுள்ள தோலை அப்படியே விடுகிற தூரிகை வந்துவிட்டது. முகம் முழுக்க மங்கலாக்குகிறவர் நேரம் மிச்சம் பிடிக்கிறார், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் பிடித்தேன்.

நிறத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்றால், மாநிறத்தில் இருக்கும் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறிவிடும். முகம் சாம்பலாகும். சாம்பலாகிவிட்டதே என்று ரோஸ் கலர் சேர்ப்பார்கள். இப்போது முகம் ஒருவருடையது, கழுத்து இன்னொருவருடையது, தாலியைப் பிடித்திருக்கும் கை மூன்றாமவருடையது. (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், ஆனால் உங்கள் வீட்டு ஆல்பத்தைப் போய்ப் பாருங்கள்.

"அப்படியானால் இருட்டாக வந்த படத்தை வெளிச்சமாக்குவதும் தவறா?" என்று ஒரு தம்பி முன்பு கேட்டார். நல்ல கேள்வி. இல்லை. வெளிச்சம் பற்றாமல் போனதைச் சரி செய்வது வேறு, ஆளை வெளுப்பது வேறு. சோதிக்க எளிய வழி உண்டு. படத்தைத் திரையில் வைத்து, பக்கத்தில் அவரையே, நல்ல வெளிச்சத்தில், முன்கையை நீட்டச் சொல்லுங்கள். கையும் முகமும் ஒரே குடும்பமாகத் தெரிந்தால் சரி.

இப்போது சில அம்மாக்கள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் கேட்ட வார்த்தை. "தம்பி, புள்ள கொஞ்சம் கலரா தெரியணும், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும்." நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பயம் உண்மையானது. படத்தைப் பார்த்துவிட்டு "பொண்ணு கறுப்பு" என்று திருப்பி அனுப்பியவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, நம்மவர்கள். 1998 வாக்கில் ஒரு பிள்ளைக்கு அப்படிச் செய்து கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளை காப்பித் தட்டோடு வந்தபோது, மாப்பிள்ளையின் அத்தை எல்லார் முன்னாலும் கேட்டாராம், "படத்துல இருந்த பொண்ணு எங்க?" அந்த அம்மா என்னிடம் வந்து சொல்லி அழுதார். அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையை நான் நினைக்காத மாதம் இல்லை. அத்தை கேட்டது அநியாயம். ஆனால் அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தது என் கை.

முகத்தை வெளுப்பதை வைத்துப் பிழைப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் இந்தியாவில் வந்தது. பெயரில் இருந்த "ஃபேர்" போக 2020 ஆனது. நம் நாட்டிலேயே 2017இல் வாட்சன்ஸ் கடைக்காரர்கள் நோன்புப் பெருநாளுக்கு ஒரு விளம்பரம் போட்டார்கள். ஒரு நடிகையின் முகத்தில் கரி பூசிக் கறுப்பாக்கி, பிறகு கழுவி வெளுப்பாக்கி, அதுதான் அழகு என்று காட்டினார்கள். மக்கள் கொதித்தார்கள், மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார்கள். ஆகவே இது நம்மவர் பிரச்சினை மட்டும் இல்லை. கேட்டால் நிற்கும் என்பதற்கும் அது உதாரணம். படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பசார் மாலாமில் விற்கும் வெளுக்கும் கிரீமை வாங்கிப் பூசுகிறார்கள். பாதரசம் கலந்த கிரீம்களைப் பற்றிச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

இப்போது ஸ்டூடியோவுக்குப் போகிறவர் குறைவு. ஸ்டூடியோ உங்கள் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. என்னைப் போலவே அதுவும் கேட்காமல் வெளுக்கும். பல தொலைபேசிகளில் செல்ஃபி கேமராவில் "பியூட்டி" என்று ஒன்று இருக்கும். வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கலாம். அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். இன்றைக்கே, வீட்டுக்குப் போவதற்கு முன்னால். பத்து வயதுப் பிள்ளை தினமும் அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்து வளர்ந்தால், குளியலறைக் கண்ணாடியில் தெரியும் முகம் அவளுக்குப் பிடிக்காமல் போகும்.

இயந்திரங்கள் மாறவில்லையா? கொஞ்சம் மாறியிருக்கின்றன. கூகுள் 2021இல் தன் தொலைபேசியில் கறுத்த தோலைச் சரியாகக் காட்டும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு எல்லிஸ் மங்க் என்ற பேராசிரியர் வகுத்த பத்து நிறப் பட்டியலை எடுத்துக்கொண்டது. ஆனால் அது தானாக நடக்கவில்லை. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருளைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்கள் விஷயத்தில் அதிகபட்சத் தவறு 0.8 சதவீதம். கறுத்த பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம்வரை. மூன்றில் ஒருவருக்கு மேல்! அதன் பிறகுதான் நிறுவனங்கள் விழித்தன. இன்று வங்கிக் கணக்குத் திறப்பதற்குக்கூடத் தொலைபேசி முகத்தைக் காட்டச் சொல்கிறது. அது உங்களைத் தெரியவில்லை என்று சொன்னால் பயப்படாதீர்கள். டியூப் லைட்டுக்குக் கீழே நிற்காமல், முதுகுக்குப் பின்னால் ஜன்னலை வைக்காமல், ஜன்னலைப் பார்த்து நின்று மீண்டும் முயலுங்கள். அப்போதும் முடியாவிட்டால் கிளைக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

கடப்பிதழ் போன்ற ஆவணப் படம் வேறு. அதில் வெளுப்பது அழகுப் பிரச்சினை இல்லை, ஆவணப் பிரச்சினை. பயண ஆவணங்களுக்கான அனைத்துலக விதியே தோலின் இயல்பான நிறம் தெரிய வேண்டும், முகத்தில் நிழலும் பளபளப்புத் திட்டும் கூடாது என்கிறது. ஆகவே கடைக்காரர் வெளுத்துக் கொடுத்தால் தைரியமாகத் திருப்பிக் கொடுங்கள், விதி உங்கள் பக்கம். அதற்கு வெள்ளைப் பின்னணி கேட்பார்கள். அப்போது பின்னணித் துணியில் ஒட்டி உட்காராமல் மூன்று நாலு அடி முன்னால் உட்காருங்கள். முகத்துக்குத் தனியாக லைட் போடச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கோ, பட்டமளிப்புக்கோ படப்பிடிப்பாளரை வைத்தால் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: நிறத்தை மாற்ற வேண்டாம், மச்சத்தை எடுக்க வேண்டாம், திருத்தாத படமும் எங்களுக்கு வேண்டும். அவர் முன்பு எடுத்த படங்களில் கறுத்த முகங்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கழுத்தையும் கையையும் பாருங்கள். மாப்பிள்ளை ஒரு நிறம், பெண் ஒரு நிறம் என்றால், கறுத்தவர் விளக்குக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். நிற்கும் இடத்தை மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும், கணினி தேவையில்லை. பள்ளியில் வகுப்புப் படம் எடுக்க வரும்போதும் பெற்றோர் சங்கம் இதைக் கேட்கலாம். சண்டையாக வேண்டாம். "போன வருடம் எங்கள் பிள்ளைகள் முகம் தெரியவில்லை, இந்த வருடம் தெரிய வேண்டும்" என்று சொன்னால் போதும்.

அந்த லாரிக்காரத் தம்பியின் படத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. ஸ்கேன் செய்த மூலம் என்னிடம் இருந்தது. இரண்டு இரவு உட்கார்ந்தேன். நிறத்தைத் தொடவில்லை. கண் குழிக்குள் இருந்த நிழலை மட்டும் மெல்ல மெல்லத் திறந்தேன். உள்ளே கண் இருந்தது. வெயிலுக்குச் சுருக்கிய கண். படம் புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது, அப்படியே விட்டேன். நெற்றிக் கோட்டைத் திரும்ப வைத்தேன். காசு வாங்கவில்லை. அவர் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கோட்டின் மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்தார். தூசி இருந்தால் தேய்ப்போமே, அந்த மாதிரி. பிறகு எடுத்துக்கொண்டு போனார்.

நேரமாகிவிட்டது, தேநீர் தயாராக இருக்கிறது என்று கை காட்டுகிறார்கள். நாற்காலியை ஜன்னல் பக்கத்திலேயே விட்டிருக்கிறேன். கேமராவும் கொண்டு வந்திருக்கிறேன். நல்ல முகப் படம் ஒன்றுகூட இல்லாதவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருப்பீர்கள், முக்கியமாக வயதானவர்கள். காரியத்துக்கு என்று பிள்ளைகள் தேடி அலைகிற நிலை வேண்டாம். காசு வேண்டாம். பவுடர் போட்டிருந்தால் மட்டும் துடைத்துக்கொண்டு வாருங்கள். பின் வரிசைப் பாட்டி, நீங்கள்தான் முதலில். வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.